ஐயரவர்களின் பயிற்சிப் பருவம்

தோற்றுவாய்

தொழிலொன்றை மேற்கொள்ளுமுன் அதில் வல்லார் ஒருவரை அடுத்திருந்து பழகுதல் உலகெங்கும் தொன்றுதொட்டு வரும் வழக்கம். தச்சரும் கொல்லரும் நெசவாளரும் தம் மக்களுக்குப் பட்டறையிலும் தறிமேடையிலுமே தொழிலைப் பழக்கினர். இசைவாணர்கள் மாணவரைத் தம் இல்லத்திலேயே இருத்திக்கொண்டு பாடம் சொன்னார்கள். இங்கிலாந்தில் 1563-ஆம் ஆண்டில் எழுந்த சட்டம் ஒன்று, ஏழாண்டு ஒருவரிடம் பழகாதவர் கைத்தொழில் நடத்தலாகாது என்று விதித்தது. நம் நாட்டிலும் 1961-ஆம் ஆண்டில் தொழிற்பழகுநர் சட்டம் இயற்றப்பட்டது. 1973-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பொறியியல் பட்டதாரிகளும் அதன்கீழ் வந்தனர். தொழிற்சாலையில் 'அப்ரண்டிஸ்' என்றும், கல்லூரி மாணவரிடையே 'இன்டர்ன்ஷிப்' என்றும் இன்று வழங்குவன எல்லாம் இப்பழைய மரத்தின் புதிய கிளைகளே.

துவாரகாவின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் கோடை விடுமுறை நெருங்கினால் இதுவே பேச்சு. மகன் செல்லப்போவது குருகிராமுக்கா, நொய்டாவுக்கா? மகளுக்கு உதவித்தொகை எவ்வளவு? முடிவில் சான்றிதழ் தருவார்களா? இவை பெற்றோர் கேட்கத்தக்க கேள்விகளே. ஆயினும் இவற்றினும் முதன்மையான கேள்வி ஒன்று உண்டு. பிள்ளை யாருக்கு அருகில் அமரப் போகிறான்? அங்கே தன் கையால் எவ்வேலையைச் செய்யப் போகிறான்? இக்கேள்விக்கு விடை தேடுவார் நம் இலக்கிய வரலாற்றில் ஒரு பெரியவரின் இளமையை நோக்குதல் நலம் பயக்கும். அவரே மகாமகோபாத்தியாய டாக்டர் உ.வே. சாமிநாதையரவர்கள். சங்க நூல்களை அச்சேற்றிய பெரும்பணிக்காக நாம் அவரைப் போற்றுகிறோம். அப்பணிக்கு அவரைப் பக்குவப்படுத்திய பயிற்சிக் காலத்தைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பது குறைவு. அதனை ஈண்டுக் காண்போம்.

தேடி அடைந்த ஆசிரியர்

ஐயரவர்கள் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19-ஆம் நாள் பிறந்தார்கள். ஊர் தஞ்சை மாவட்டத்து உத்தமதானபுரம். தந்தையார் வேங்கடசுப்பையர், கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர்; இராமாயணக் கதை சொல்லியும் பாடியும் கிடைத்ததைக் கொண்டு குடும்பம் நடத்தியவர். மகனுக்கோ தமிழின்மேல் தணியாத வேட்கை. அவ்வேட்கையைத் தீர்க்கத் தந்தையார் செய்தது வியப்புக்குரியது. எவ்வூரில் தமிழ் சொல்லித் தருவார் இருந்தனரோ அவ்வூருக்கெல்லாம் குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு போனார். அரியிலூர்ச் சடகோபையங்கார், குன்னம் சிதம்பரம் பிள்ளை, கார்குடிக் கஸ்தூரி ஐயங்கார், செங்கணம் விருத்தாசல ரெட்டியார் என ஆசிரியர் வரிசை நீண்டது. பிள்ளைகளின் படிப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்து, வாடகை வீடு மாறி மாறிக் குடியிருந்த நம் குடும்பங்களுக்கு இச்செய்தி அயலானதன்று.

ஒவ்வோர் ஆசிரியரும் தமக்குத் தெரிந்ததைக் கற்பித்தபின், மேலே கற்க வேண்டின் ஒருவரிடமே செல்லவேண்டும் என்றனர். அவரே திருவாவடுதுறை ஆதீன வித்துவானாகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள். 1871-ஆம் ஆண்டின் சித்திரைத் திங்களில் தந்தையும் மகனும் மாயூரத்தில் அவரைக் கண்டனர். பலர் வந்து சின்னாள் இருந்து போய்விடுகின்றனர் என்பதே பிள்ளையவர்கள் முதலில் தெரிவித்த தயக்கம். எத்துணைக் காலமாயினும் இருப்பான் என்று தந்தையார் உறுதி கூறிய பின்னரே மாணவராக ஏற்றுக்கொண்டார்கள். கட்டணம் இல்லை, ஒப்பந்தத்தாளும் இல்லை. ஆயின் அக்கால வழக்கப்படி ஆசிரியர் இல்லத்தில் உண்ண இயலாத நிலையில், மகனின் உணவுக்குத் தந்தையாரே வழி தேட வேண்டியிருந்தது. சம்பளமில்லாக் கல்வியும் செலவில்லாக் கல்வி அன்று.

தளிர் காட்டிய வழி

சேர்ந்த உடனே பெரும்புலவர் வாயால் பாடம் கேட்கலாம் என்று எண்ணியிருந்த இளைஞருக்கு ஏமாற்றமே முதலில் வாய்த்தது. மூத்த மாணாக்கராகிய சவேரிநாத பிள்ளையிடம் பாடம் கேட்கும்படி ஆயிற்று. அவர் அன்பர், கிறித்தவர், ஆசிரியரிடம் பேரன்பு பூண்டவர். எனினும் இளைஞரின் உள்ளம் பிள்ளையவர்களையே நாடியது. கேட்கவும் அச்சம், கேளாதிருக்கவும் மனமில்லை.

இந்நிலையில் இளைஞர் ஒன்றைக் கவனித்தார். பிள்ளையவர்களுக்கு மரஞ்செடிகளில் மிக்க விருப்பம். தம் வீட்டுத் தோட்டத்தில் வைத்திருந்த மரங்கள் தளிர் விட்டனவா என்று காலைதோறும் சென்று பார்ப்பது அவர்கள் வழக்கம். அன்று முதல் இளைஞர் விடியற்காலையில் எழுந்து, ஒவ்வொரு மரமாகச் சென்று, புதிதாகத் தோன்றிய தளிர்களைக் கண்டு வைத்துக்கொள்வார். பிள்ளையவர்கள் வந்ததும் அவற்றைக் காட்டுவார். ஆசிரியர் மகிழ்ந்தார், பேச்சு வளர்ந்தது, தாமே பாடம் கேட்க வேண்டும் என்ற விருப்பத்தை இளைஞர் வெளியிட வாயில் பிறந்தது. இந்நிகழ்ச்சியை முதுமையில் எழுதிய 'என் சரித்திரம்' நூலில் ஐயரவர்கள் சுவைபட உரைத்திருக்கிறார்கள்.

இதனை முகமன் என்று சிலர் கருதக்கூடும். அஃது அன்று. பயிற்சிக்கு வந்தவன் முதலில் கற்க வேண்டுவது, தான் அடுத்திருக்கும் பெரியவர் எதனை நோக்குகிறார் என்பதை நோக்குதலாகும். அதனை அறியாதவன் ஓராண்டு அருகிருப்பினும் அயலானே. அறிந்தவனுக்குக் கேளாமலே கதவு திறக்கும். பிற்காலத்தில் ஒரே சொல்லின் வேறுபட்ட பாடங்களை ஏடு ஏடாக ஒப்புநோக்கிய கண்கள், முதலில் மாமரத்தின் தளிரையே உற்று நோக்கிப் பழகின எனின் மிகையாகாது.

எழுத்தாணி பிடித்த கை

பிள்ளையவர்கள் இருபதுக்கு மேற்பட்ட தல புராணங்களும் எண்ணற்ற பிரபந்தங்களும் இயற்றியவர்கள். அவர்கள் தம் கையால் எழுதியவை குறைவு. சிறிது நேரம் சிந்தித்திருந்து பின் செய்யுட்களை மழையெனச் சொல்லத் தொடங்குவார்கள்; அருகிலிருக்கும் மாணாக்கர் ஓலையில் எழுதிக்கொண்டே போகவேண்டும். ஐயரவர்களுக்கும் இப்பணி வாய்த்தது. எழுத்தாணி பிடித்த விரல் வலிக்கும். ஆயினும் சொல்பவர் நிற்பதில்லை.

மேலோட்டமாக நோக்குவார்க்கு இது வெறும் எழுத்தர் வேலை. ஆனால் அதனுள் எத்துணைக் கல்வி அடங்கியிருந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். சொல்லக் கேட்ட அளவில் பிழையின்றி எழுதவேண்டின், சீரும் தளையும் செவிக்குப் பழகியிருத்தல் வேண்டும். எதுகையும் மோனையும் எங்கு வரும் என்பதை மனம் முன்கூட்டியே எதிர்நோக்க வேண்டும். ஒரு புலவர் கருத்தை எவ்வாறு வகுத்துக்கொள்கிறார், ஒரு சொல்லை நீக்கி மற்றொன்றை ஏன் வைக்கிறார் என்பனவற்றை அவர் சொல்லாமலே அறிந்துகொள்ளலாம். எந்நூலும் கற்பிக்காத பாடங்கள் இவை.

மற்றொன்றும் உண்டு. பழைய ஓலை எழுத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஒகரங்களில் குறிலும் நெடிலும் ஒரே வடிவம். துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல் தோன்றும். செய்யுளை அடி பிரிக்காமல் ஓலை நிறையத் தொடர்ந்து எழுதுவர். எனவே ஏடெழுதுவோர் எவ்விடத்தில் தடுமாறுவர், எவ்வெழுத்தை எதனோடு மயங்குவர் என்பதை, ஆயிரக்கணக்கான செய்யுட்களைத் தாமே எழுதிப் பழகியவரே நன்கு உணர்வர். பின்னாளில் பிழை மலிந்த சுவடிகளிலிருந்து உண்மைப் பாடத்தைத் தேர்ந்தெடுத்த பதிப்பாசிரியரின் திறமைக்கு இவ்வெழுத்து வேலையே வித்திட்டது என்று நாம் கருதுகிறோம்.

இழந்ததும் கண்டதும்

பயிற்சிக்கு விலையும் உண்டு. மாயூரத்தில் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் அப்போது வாழ்ந்திருந்தார். தந்தையாரின் விருப்பப்படி ஐயரவர்கள் அவரிடம் இசை பயிலத் தொடங்கினார்கள். இசையில் மனம் சென்றால் இலக்கியப் பயிற்சி தளரும் என்பது பிள்ளையவர்களின் கருத்து. அதை அறிந்த ஐயரவர்கள் அம்முயற்சியை நிறுத்திவிட்டார்கள். இசைக் குடும்பத்தில் பிறந்தவருக்கு இஃது எளிய துறவன்று. ஒன்றில் ஆழ்ந்து பயில்வோர் விரும்பும் மற்றொன்றை விடவும் நேரும் என்பதற்கு இது சான்று.

ஆசிரியரின் வாழ்வையும் ஐயரவர்கள் அருகிருந்து கண்டார்கள். நாடெங்கும் புகழ் பரவிய புலவர் கடனாலும் வறுமையாலும் வருந்தியதைக் கண்டார்கள். அதனிடையிலும் பாடம் கேட்க வந்தவரைத் திருப்பி அனுப்பாத அவர்தம் இயல்பையும் கண்டார்கள். அப்பிள்ளையவர்கள் தம் இளமையில் கல்வி தேடிய முறையும் அத்தகையதே. தண்டியலங்காரம் கற்றறிந்த பரதேசி ஒருவர் திருச்சிராப்பள்ளியில் பிச்சையேற்று வாழ்ந்தார். அவரைப் பின்தொடர்ந்து, பணிவிடை செய்து, அந்நூலைப் பாடம் கேட்டவர் பிள்ளையவர்கள். தாம் பெற்ற அருமையை அறிந்தவராதலின், நாகூர்க் குலாம் காதிறு நாவலர், சவேரிநாத பிள்ளை எனச் சமய வேறுபாடு கருதாது கற்பித்தார்கள். 1876-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள் அவர்கள் இறுதியெய்தியபோது ஐயரவர்கள் அருகிருந்து திருவாசகம் ஓதினார்கள்.

ஏறக்குறைய ஐந்தாண்டுப் பயிற்சி அவ்வாறு முடிந்தது. அதன்பின் ஆதீனகர்த்தராகிய சுப்பிரமணிய தேசிகரிடம் பாடம் கேட்டும், மடத்து மாணவர்க்குப் பாடம் சொல்லியும் நான்காண்டுகள் கழிந்தன. கற்பித்தலும் பயிற்சியின் ஒரு பகுதியே. பிறருக்கு விளக்கும்போதுதான் தமக்கு விளங்காதது எது என்பது தெரிகிறது.

முதலியார் கேட்ட வினா

கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியாரும் பிள்ளையவர்களின் மாணவரே. அவர் ஓய்வு பெற்றபோது தம்மிடத்துக்கு ஐயரவர்களைப் பரிந்துரைத்தார். 1880-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஐயரவர்கள் திங்களுக்கு 50 ரூபாய்ச் சம்பளத்தில் அப்பணியை ஏற்றார்கள். பயிற்சி முடிந்தது, வேலையும் கிடைத்தது. பெரும்பாலோர் கதை இவ்விடத்தில் நிறைவெய்தும். ஐயரவர்களின் கதையோ இங்குத்தான் தொடங்குகிறது.

அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள், கும்பகோணத்துக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை ஐயரவர்கள் சந்தித்தார்கள். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் வினவினார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், உலாக்கள், புராணங்கள் என ஐயரவர்கள் பெரியதொரு பட்டியலை அடுக்கினார்கள். முதலியார் முகத்தில் வியப்பே தோன்றவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமாகிய பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரமும் மணிமேகலையும் படித்ததுண்டா என்று கேட்டார். ஐயரவர்கள் அவற்றைக் கற்றிருக்கவில்லை.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். தமிழ்நாட்டின் தலைசிறந்த ஆசிரியரிடம், ஊணுறக்கம் குறைத்து, பல்லாண்டு பயின்ற ஒருவருக்கு, தம் வாழ்நாட்பணிக்கு வேண்டிய நூல்களில் ஒன்றுகூட அப்பயிற்சியில் கிடைக்கவில்லை! அவ்வாறாயின் அப்பயிற்சி வீணாயிற்றா? இல்லை என்பதே வரலாறு தரும் விடை.

பயிற்சி பயன்பட்ட விதம்

முதலியார் சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்தார். ஐயரவர்கள் படிக்கத் தொடங்கினார்கள்; நச்சினார்க்கினியர் உரையைக் கொண்டும் பல இடங்கள் விளங்கவில்லை. அது சைன நூல். சைவ மடத்தில் பயின்றவருக்கு அதன் மரபுச் சொற்கள் புதியன. ஐயரவர்கள் என்ன செய்தார்கள்? கல்லூரி ஆசிரியர் என்ற பெருமிதத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, கும்பகோணத்தில் வாழ்ந்த சைனராகிய சந்திரநாத செட்டியாரை நாடி ஐயங்களைக் கேட்டார்கள். தளிர் காட்டி ஆசிரியரை அணுகிய அதே இளைஞர், இருபத்தைந்து வயதுக்குமேல் மீண்டும் மாணாக்கரானார். பயிற்சி அவருக்குத் தந்த முதற்பொருள் இதுவே: தெரியாததைத் தெரிந்தவரிடம் சென்று கேட்கும் பழக்கம்.

இரண்டாவது, கை தந்த அறிவு. ஏடுகள் பலவற்றைத் திரட்டி, ஒப்புநோக்கி, வேறுபாடு குறித்து, பிரதி செய்யும் உழைப்புக்கு அவரது கை முன்னரே பழகியிருந்தது. மூன்றாவது, உறவு. திருவாவடுதுறை ஆதீனத்துச் சுவடிகள் அவருக்குக் கிடைத்தமைக்கும், தேசிகரின் துணை வாய்த்தமைக்கும் மடத்தில் அவர் வாழ்ந்த வாழ்வே காரணம். உரையில் மேற்கோளாக வந்த அடிகள் எந்நூலைச் சார்ந்தவை என்று தேடிச் சென்றபோது சங்க நூல்கள் ஒவ்வொன்றாகப் புலப்பட்டன.

1887-இல் சீவக சிந்தாமணி வெளிவந்தது. 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை எனத் தொடர்ந்து, 1918-இல் பரிபாடலும் 1937-இல் குறுந்தொகையும் வந்தன. 1942 ஏப்ரலில் மறையும்வரை அவரது உழைப்பு ஓயவில்லை. ஆசிரியரையும் அவர் மறந்தாரில்லை. மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் வரலாற்றை 1933, 1934-ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார்கள். பிள்ளையவர்களைப் பற்றி இன்று நாம் அறிவதில் பெரும்பகுதி அம்மாணாக்கர் நினைவில் வைத்திருந்து தந்ததே.

ஆகவே பயிற்சிக் காலம் தருவது சரக்கு அன்று. சரக்கைத் தேடிக் கொணரும் திறம். கற்ற செய்தி பழையதாகலாம். கற்கும் முறை பழையதாவதில்லை.

மேனாட்டில் ஓர் ஒப்புமை

இவ்வுண்மை தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. மின்னியலின் தந்தையருள் ஒருவராகப் போற்றப்படும் மைக்கேல் ஃபாரடே இலண்டனில் ஏழைக் கொல்லரின் மகன். 1805-ஆம் ஆண்டில், 14 வயதில், புத்தகம் கட்டும் தொழில் பழகச் சேர்ந்து ஏழாண்டு பயின்றார். கட்டுவதற்கு வந்த நூல்களை அவர் படிக்கவும் செய்தார். 1812-இல் ஹம்ப்ரி டேவியின் விரிவுரைகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அக்குறிப்புகளைத் தம் கையாலேயே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். மறுவருடம் டேவியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளரானார். நூற்கட்டும் தொழிலுக்கும் மின்னியலுக்கும் என்ன தொடர்பு? கைத்திறமும், ஒழுங்கும், அருகில் கிடந்ததைக் கற்றுக்கொள்ளும் ஆர்வமுமே தொடர்பு. ஒருவர் ஏடு எழுதினார். ஒருவர் ஏடு கட்டினார். இருவருக்கும் எளிய வேலையே வாயிலாயிற்று.

நமக்குரிய பாடம்

மத்திய அரசு அலுவலகங்களில் பணியாற்றும் நம்மனோர் இதனை எளிதில் உணரலாம். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதலில் கிடைப்பது, வந்த கடிதங்களைப் பதிவேட்டில் பதிவதும், பழைய கோப்புக்குப் பக்க எண் இடுவதும். சலிப்பூட்டும் வேலைதான். ஆயினும் பக்க எண் இடுகையில் பழைய குறிப்புகளைப் படித்தவர், ஒரு பொருளில் முடிவு எவ்வாறு உருவாகிறது என்பதைக் கற்றுக்கொண்டார். நாம் எழுதிய வரைவை மூத்த அலுவலர் சிவப்பு மையால் திருத்துவார். எச்சொல்லை ஏன் அடித்தார் என்று அவர் மேசையருகில் நின்றே அறிந்தோம். அத்திருத்தங்களே நமக்குப் பாடநூலாயின.

இன்று கோப்புகள் கணினித் திரையில் செல்கின்றன. பணி விரைகிறது; அது நன்றே. ஆனால் திருத்தும் கையை இளையவர் அருகிருந்து காணும் வாய்ப்புக் குறைந்துவிட்டது. 2020-ஆம் ஆண்டின் நோய்த்தொற்றுக் காலத்துக்குப்பின், வீட்டு அறையிலிருந்தே கணினி வழியாகப் பயிற்சியை முடிப்பதும் பரவியுள்ளது. சான்றிதழ் வருகிறது, ஆசிரியரின் முகம் நினைவில் நிற்பதில்லை. இக்குறையை நிரப்புவது வேலை தருவோர் கடமை மட்டுமன்று; பயில்வோர் தாமே ஒருவரைத் தேடிக்கொள்ளவும் வேண்டும்.

பழமை அனைத்தும் சிறந்தது என்று கூறுதல் நம் கருத்தன்று. அக்காலத்து மடங்களின் கல்வி பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட குலத்தார்க்கும் எட்டாததாக இருந்தது. மகனுக்காக ஊர் ஊராகச் சென்ற தந்தை எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. பயில்பவனின் வயிற்றுக்கு வழி செய்யாத பயிற்சி வசதியுடையார்க்கே உரியதாகிவிடும். ஆதலின் உதவித்தொகையைச் சட்டத்தால் உறுதி செய்ததும், மகளிரும் யாவரும் தொழில் பழகும் வாயில் திறந்ததும் நம் காலத்தின் பேறுகள். அவற்றைப் போற்றிக்கொண்டே பழையதன் உயிரையும் காத்தல் வேண்டும்.

முடிவுரை

பயிற்சிக்குப் புறப்படும் நம் பிள்ளைகளிடம் மூன்று சொல்லி அனுப்புவோம். அருகிலிருப்பவர் எதனை நோக்குகிறார் என்று நோக்குக. சிறு வேலை என்று எதனையும் இகழாது கையால் செய்து பழகுக. முடித்துவிட்டோம் என்று எண்ணும் நாளில் ஒருவர் அறியாத நூலின் பெயரைச் சொன்னால், சினவாது அந்நூலைக் கேட்டு வாங்குக. அன்று மாலை அவர்கள் வீடு திரும்பியதும், எவ்வளவு கொடுத்தார்கள் என்று வினவுமுன், இன்று யாரிடம் என்ன கற்றாய் என்று நாமும் வினவுவோம். தமிழைத் தாய்நிலத்திலிருந்து இத்துணைத் தொலைவுக்குக் கொணர்ந்து காக்கும் குடும்பங்களுக்கு, கற்கும் முறையையும் காத்துக் கையளிக்கும் கடமை உண்டு. ஐயரவர்களின் வாழ்வு அதற்கு வழிகாட்டும்.